ஊட்டிக் குளிரில் ஸ ரி க ம!

உங்கள் ஆபீஸில் ஒரு க்ளார்க் என்று வைத்துக் கொள்ளுங்கள். முப்பது வருஷ சர்வீஸ். காலையில் வந்து ஒரு ஃபைலைத் திறப்பார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று அழகாக எழுதிக் கொண்டு போவார். பத்தாம் பக்கம் வரும்போது யாரோ வந்து ஃபைலைப் பிடுங்கிக் கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் புது ஃபைல். மறுபடி முதல் பக்கம். இப்படியே முப்பது வருஷம்!

"ஐயோ, பைத்தியம் பிடிச்சிடுமே சார்!" என்பீர்கள்.

பிடிக்காது. நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். கிட்டத்தட்ட இதே வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சுடச்சுட டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்து, நம்மைவிட சந்தோஷமாக இருக்கிற ஆசாமிகள் அங்கே உண்டு. பாட்டு வாத்தியார்கள்.

(இந்தக் கட்டுரையில் வருகிற 'வாத்தியார்' ஒரே ஆள் இல்லை. மலையில் பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுக்கிற நாலைந்து பேரைச் சேர்த்துப் பிடித்த கொழுக்கட்டை. பெயரைப் போட்டால், ஃபீஸ் பாக்கி வைத்திருக்கும் பெற்றோர்கள் சங்கடப்படுவார்கள்!)

சங்கீதத்தில் முதல் பக்கம் என்பது சரளி வரிசை. மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம். இந்தப் பாடத்திட்டத்தைப் போட்டுக் கொடுத்தவர் புரந்தரதாசர் என்பார்கள். ஐந்நூறு வருஷமாக சிலபஸ் மாறாத கோர்ஸ் உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குமா, சந்தேகம்தான். சரளி முடிந்தால் ஜண்டை வரிசை. அப்புறம் தாட்டு. ஏழு தாளத்தில் அலங்காரம். மலஹரி ராகத்தில் கீதம். ஸ்வரஜதி, வர்ணம். இத்தனையும் தாண்டினால்தான் கீர்த்தனை. பையன் சூட்டிகையாக இருந்து, வாரம் இரண்டு கிளாஸுக்கு டிமிக்கி கொடுக்காமல் வந்தாலும், கீதத்தைத் தொடுவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும்.

வில்லன் நுழைவது இங்கேதான். பெயர்: டிரான்ஸ்ஃபர்.

குன்னூரை ஒட்டி வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. முன்பு குவெட்டாவில் இருந்தது. 1947-ல் தேசம் பிரிந்தபோது குவெட்டா பாகிஸ்தான் பக்கம் போய்விட, நம் பங்குக்கு வெலிங்டனில் ஆரம்பித்தார்கள். தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றிலிருந்தும் ஆபீஸர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். படிப்பு ஒரு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. ஜூனில் வந்து பிரித்த பெட்டியை அடுத்த கோடையில் திரும்பக் கட்ட வேண்டும்.

வந்த வேகத்தில் பிள்ளையை எதிலாவது சேர்க்க வேண்டும் அல்லவா? டென்னிஸ், குதிரை, அப்புறம் பாட்டு. பஞ்சாபிக் குழந்தை, வங்காளிக் குழந்தை, மலையாளக் குழந்தை எல்லாம் வாத்தியார் வீட்டு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்காரும். வடக்கே 'ரி'யை 'ரே' என்பார்கள். அந்த ஒற்றை எழுத்தைத் திருத்தவே ஒரு மாசம் பிடிக்கும். ஆனால் ராகம் புதுசு இல்லை. நம் மாயாமாளவகௌளையின் அதே ஏழு ஸ்வரங்கள்தான் அங்கே பைரவ். "இது நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்று வாசலில் காத்திருக்கும் அம்மா எட்டிப் பார்ப்பாள். அலங்காரம் நடந்து கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு போஸ்டிங் ஆர்டர் வரும். லே, ஜோர்ஹாட், விசாகப்பட்டினம். பையன் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு விட்டுப் போவான். மலஹரி கீதம் நோட்டில் பாதியில் நிற்கும்.

வாத்தியாரின் அட்டெண்டன்ஸ் நோட்டைப் புரட்டினால் மலையின் சரித்திரமே கிடைக்கும் போலிருக்கிறது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று ஒரு ராட்சச தொழிற்சாலை இருந்தது. 1960-ல் கம்பெனி தொடங்கி, 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்ததே, அதுதான். தொழிலாளர்கள் இருந்த குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர். கையில் மாசச் சம்பளம், பக்கத்தில் பள்ளிக்கூடம், சாயங்காலம் பொழுது போகாத குளிர்... பாட்டு கிளாஸுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? அப்புறம் கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது. ஃபேக்டரி நொடித்து, கடைசியில் மூடியே விட்டார்கள். இந்து நகர்ப் பிள்ளைகளின் பெயர்கள் நோட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு பக்கத்தில் இல்லாமலே போயின.

தேயிலை கதை இன்னும் கஷ்டம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிற சின்ன விவசாயிகள் மலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை மளமளவென்று சரிந்தது. 2000-ல் போராட்டமே நடந்தது. வீட்டில் பணம் இறுகினால் முதலில் எதை வெட்டுவீர்கள்? பாலையா, ஸ்கூல் ஃபீஸையா? பாட்டு கிளாஸைத்தான். வாத்தியார் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களே கூச்சப்பட்டு நின்றுவிட்டார்கள். சில பேர் மட்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் கொண்டு வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். குருதட்சிணையாகக் காலிஃபிளவர் வாங்கிய வித்வான் தஞ்சாவூர் ஜில்லாவில் யாராவது உண்டா?

இரண்டாவது வில்லன் குளிர்.

நீங்கள் ஹனிமூனுக்குப் போய் "ஆகா, மஞ்சு!" என்று போட்டோ எடுத்துக் கொள்வீர்கள். வாத்தியாருக்கு அதே மஞ்சு எதிரி. ஊட்டி இருப்பது கடல் மட்டத்துக்கு மேலே 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில். டிசம்பர், ஜனவரியில் புல் மீது வெள்ளையாக உறைபனி விழும். மழைக்காலத்தில் துணி காய நாலு நாள் ஆகும். துணிக்கே இந்த கதி என்றால் வாத்தியங்கள்?

வயலின் மரத்தால் ஆனது. ஈரம் குடித்தால் மரம் உப்பும். ஜூலையில் பிரடை ஓட்டையில் இறுகிக் கொண்டு திருப்பவே வராது. பிப்ரவரியில் காற்று வறண்டதும் அதே பிரடை தொளதொளவென்று நழுவி, பாடிக் கொண்டிருக்கும்போதே தந்தி 'டொய்ங்' என்று இறங்கும். அதற்குச் சாக்பீஸ் தடவ வேண்டும். மிருதங்கம் இன்னும் மோசம். தோல் அல்லவா? மஞ்சு இறங்கினால் சுருதியும் கூடவே இறங்கிவிடும். பறை அடிப்பவர்கள் தீ மூட்டிக் காய்ச்சுகிற மாதிரி, மிருதங்கக்காரரும் கச்சேரிக்கு முன்னால் கணப்புப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டுவார். காய்வது மிருதங்கமா, அவரா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

புல்லாங்குழலில் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும். 30 டிகிரி வெயிலில் நொடிக்கு சுமார் 349 மீட்டர் என்றால், 10 டிகிரியில் சுமார் 337 மீட்டர். அதாவது சென்னையில் சரியாக நிற்கிற குழல் ஊட்டியின் ஜனவரிக் காலையில் அரை ஸ்வரத்தில் பாதிக்கு மேல் இறங்கி ஒலிக்கும். ஊதி ஊதி, மூச்சுச் சூட்டில் குழல் சூடான பிறகுதான் வழிக்கு வரும். ஆக, மலையில் முதல் பாட்டு குழலுக்கு, இரண்டாவது பாட்டுதான் ரசிகர்களுக்கு!

வீணைக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். அதன் மெட்டுக்களை மெழுகில் பதித்திருப்பார்கள். கீழே சமவெளியில் வெயில் ஏறினால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். மலையில் அந்தத் தொல்லை குறைவு. வீணை டீச்சர்கள் இதைக் கொஞ்சம் கர்வத்தோடு சொல்கிறார்கள்.

போர்டிங் ஸ்கூல்களில் பியானோ சொல்லிக் கொடுக்கிறவர்கள் பாடும் இதே பாடுதான். லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூல் 1858-ல் ஏற்பட்டது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மலையில் வெஸ்டர்ன் சங்கீதம் உண்டு. பியானோவுக்குள்ளே ஈரம் புகுந்தால் கட்டை அழுத்தினால் அழுந்தி அப்படியே நின்றுவிடும், எழுந்திருக்காது. (நம் ஆபீஸில் சில பேர் மாதிரி.) அதற்கு ஒரு பழைய வைத்தியம், பியானோவின் வயிற்றுக்குள் சின்ன பல்பு ஒன்றை ராத்திரி பூரா எரிய விடுவது. வெளியே வாட்ச்மேன் நடுங்கிக் கொண்டிருப்பார். உள்ளே பியானோ கதகதப்பாகத் தூங்கும்.

மலைக்குச் சொந்தமான சங்கீதம் ஒன்றும் இருக்கிறது, அதற்கு வாத்தியாரே கிடையாது. நீலகிரியின் பழங்குடியினரான கோத்தர்கள் பரம்பரையாக வாத்தியக்காரர்கள். ஒரு காலத்தில் தோடர், படகர் வீடுகளிலும் இவர்கள்தான் வாசித்தார்கள். நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி 'கொள்' என்று ஓர் ஊதுகருவி, கூடத் தோல் கருவிகள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் அய்யனோர் அம்மனோர் பண்டிகைக்கு ராத்திரியில் நெருப்பு மூட்டி, வாசிக்க வாசிக்க வட்டமாக ஆடுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்கர் இவர்களோடு தங்கி ஆராய்ச்சி செய்து, பின்னால் புத்தகமே எழுதினார். அவரும் சாமானியர் இல்லை. காரைக்குடி பாணி வீணையை ரங்கநாயகி ராஜகோபாலனிடம் கற்றுக் கொண்டவர். அங்கே ஜமுக்காளம் கிடையாது, ஃபீஸ் கிடையாது. பையன் கேட்டுக் கேட்டு, பெரியவர்களுக்குப் பின்னால் நின்று நின்று, ஒரு நாள் தானே வாசிக்க ஆரம்பித்துவிடுவான். நம் வாத்தியாருக்கு இதில் லேசான பொறாமை உண்டு. "அவங்க பிள்ளைங்களுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது பாருங்க!"

சரி, வாத்தியாரின் வீட்டுக்குள் போகலாம். இரண்டு ரூம், ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு பிளம்ஸ் மரம்.

காலை ஏழு மணிக்கு, வெயில் வந்தால், வராந்தாவில் ஒரு பாய் அகலத்துக்கு விழும். அந்த வெயில் அவருடைய சொத்து. ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் அதில் உட்கார்ந்து வெந்நீர் குடிப்பார். வெயில் நகர நகர ஸ்டூலும் நகரும். எட்டரைக்கு இரண்டும் கேட்டுக்கு வந்துவிடும். அப்புறம் வாத்தியார் ஸ்கூலுக்கு.

ஸ்கூல் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் டீ ஆறிப் போகும். சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு 2012-ல் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் என்று பதினாறாயிரத்துச் சொச்சம் பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது. ஆரம்பச் சம்பளம் மாசம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ தடவை உட்கார்ந்து விட்டார்கள். தனியார் ஸ்கூல்களிலோ ஆண்டு விழா பக்கத்தில் வந்தால்தான் பாட்டு டீச்சரின் ஞாபகமே வரும். மற்ற நாளில் பாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொண்டு போய்விடுவார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால்தான் சாயங்காலம் நாலரைக்கு வீட்டு கிளாஸ். ஏழு மணிக்குக் கடைசிப் பிள்ளை ஷூவைத் தேடி மாட்டிக் கொண்டு போகும். அப்போதிலிருந்து ஒன்பது வரைதான் வாத்தியார் வாழ்கிற நேரம்.

முதலில் டீ. ஊரெல்லாம் தேயிலைத் தோட்டம், ஆனால் நல்ல இலையெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். வாத்தியார் வீட்டில் டஸ்ட் டீதான். கண்ணாடி டம்ளரில் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும், கையைச் சுட வேண்டும். கூட வர்க்கி. ஊட்டி வர்க்கியை பிஸ்கட் என்று நினைத்து அவசரமாகக் கடித்தால் சட்டையெல்லாம் தூள். டீயில் முக்கி, கணக்காக மூன்று எண்ணி எடுக்க வேண்டும். நாலு எண்ணினால் டம்ளருக்குள் விழுந்துவிடும். "இதுக்கும் தாளம் வேணும்" என்பார்.

அப்புறம் அம்மா, அதாவது வாத்தியாரின் மனைவி, குமுட்டியில் கரி போட்டுக் கொண்டு வந்து வைப்பார். கைகளைக் காட்டி, விரல் விரலாக நீவிச் சூடேற்றிக் கொள்வார். விறைத்த விரலில் கமகம் வராது. பிறகு வயலின் பெட்டியைத் திறப்பார். பகல் முழுக்க ஸ ரி க ம-வையே கேட்டுச் சலித்த வயலின். அரைக் கட்டை சுருதியை இறக்கிக் கொள்வார். யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் தப்பு செய்யப் போவதில்லை. கல்யாணியோ காம்போதியோ, முக்கால் மணி நேரம். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும். "மத்தியமம்!" என்று குரல் கொடுப்பார். "மூணாவது விசில் வந்தா அணைக்கணும், சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அம்மாவுக்குப் பாட்டு தெரியும். ஆனால் குழம்பு அடிப்பிடிக்கக் கூடாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

சென்னை மயிலாப்பூரில் சாயி லாட்ஜில் ஒரு சின்ன அறையில் இருந்தபடி தன்ராஜ் மாஸ்டர் பியானோவும் கிடாரும் சொல்லிக் கொடுத்தார். 1960-களின் கடைசியில் பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராசையா அங்கே போய் உட்கார்ந்தார். மாஸ்டர்தான் அவரை 'ராஜா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அது இளையராஜா ஆன கதை உங்களுக்குத் தெரியும். வாத்தியார்கள் எல்லாருக்கும் ராத்திரியில் இந்தக் கதை ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன். நம் வாத்தியாரிடம் முப்பது வருஷத்தில் எத்தனை பேர் ஸ ரி க ம ஆரம்பித்தார்கள் என்று கேட்டேன். "எண்ணலை. வர்ணம் முடிச்சவங்களைக் கேளுங்க, சொல்றேன்" என்றவர் கை விரல்களை மடக்கினார். ஒரு கையிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

அந்த ஒரு கையில் ஒரு விரல், எஸ்டேட் லைன் வீட்டுப் பெண். 1964-ல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்களே, அதன்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் 1968-ல் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. இன்றைய டான்டீ. அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பேத்தி. அப்பாவின் பஜனை கோஷ்டி ஹார்மோனியத்தைக் கேட்டே காது பழகியிருந்தது. சனி, ஞாயிறில் ஐந்து கிலோமீட்டர் நடந்து வருவாள். ஃபீஸ் பற்றி இரண்டு பக்கமும் பேசவில்லை. டிரான்ஸ்ஃபர் இல்லாத ஒரே சிஷ்யை. ஏழு வருஷம். மோகன வர்ணம் மூன்று காலத்திலும் பாடினாள். கல்யாணியில் ஸ்வரம் பாட ஆரம்பித்தபோது வாத்தியார் முதல் தடவையாகத் தன் நோட்டில் அடுத்த பக்கங்களைப் புரட்டினாராம். நிறைய ஒற்றைகள் ஒட்டிக் கொண்டிருந்தன, ஈரத்தில்.

அப்புறம் திருப்பூர். தோட்டத்துக் கூலியில் ஒரு குடும்பம் ஓடாது. மலையிலிருந்து இளவட்டங்கள் பஸ் ஏறி இறங்குவது பனியன் கம்பெனி வாசலில்தான். அவளும் போனாள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு ராத்திரி வயலின் பெட்டியைத் திறக்கவில்லை என்று அம்மா சொன்னார்.

2020-ல் கொரோனா வந்து ஊரே அடைந்து கிடந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. போன பிள்ளைகள் எல்லாம் போனில் திரும்பி வந்தார்கள். ஜோர்ஹாட்டிலிருந்து ஒருவன், விசாகப்பட்டினத்திலிருந்து ஒருத்தி. பாதியில் நின்ற கீதத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். வீடியோவில் பாட்டு சொல்லிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இந்தப் பக்கம் தட்டுகிற தாளம் அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு கணம் தாமதம். இரண்டு பேரும் சேர்ந்து பாடவே முடியாது. ஒருத்தர் பாட, ஒருத்தர் கேட்க வேண்டும். மஞ்சு அடர்ந்தால் சிக்னல் வேறு தள்ளாடும்.

ஊரடங்கு முடிந்ததும் அவர்களில் பலர் மறுபடி காணாமல் போனார்கள். திருப்பூர்ப் பெண் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வருகிறாள். வாரத்தில் அவளுக்கு லீவு அன்றைக்குத்தான். பின்னால் குழந்தை அழும், யாரோ பாத்திரம் கழுவுவார்கள். அவள் பாடுவாள். வாத்தியார் குமுட்டியின் மேல் கையைக் காட்டிக் கொண்டு கேட்பார். தப்பு இருந்தால் பாட்டு முடிந்த பிறகு சொல்வார். போன வாரம் காம்போதியில் ஒரு கீர்த்தனை, சரணம் வரை வந்து நெட் கட்டாகிவிட்டது. பத்து நிமிஷம் போனையே பார்த்துக் கொண்டிருந்தவர், "சரி, சாப்பாடு போடு" என்று எழுந்தார்.

இந்தத் திங்கட்கிழமை நாலரை மணிக்குப் புதுசாக ஒரு பையன் சேர்கிறான். ஏழு வயசு. அப்பா நேவி, ஸ்டாஃப் காலேஜுக்கு வந்திருக்கிறார். அம்மா ஜமுக்காளத்தைத் துவைத்துப் போட்டிருக்கிறார், நாலு நாளாக இன்னும் காயவில்லை.